பின்வளவுக் கிணறு

ரயில் கம்பனிக்காரர்கள் நூறு வருஷத்துக்கும் முந்தித் தோண்டி, மூடி, மறந்துவிட்டுப் போன குழி ஒன்றைக் கனகலிங்கம் கிணறு என்று நம்பினார். யார் சொல்லியும் கேட்கவில்லை. கேட்கிற மனிசனா அவர்? யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்த காலத்தில், அரிசி மூட்டையை இந்த மூலையில் வை என்று சொல்லிவிட்டால், அந்த மூலையில் கூரை ஒழுகினாலும் மூட்டை அங்கேதான் இருக்க வேண்டும். அந்தப் பிடிவாதத்தை லண்டனுக்கும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தார். அதற்கு உயிரைக் கொடுத்தது அவர் இல்லை. அவருடைய மனைவியின் தம்பி பரமேஸ்வரன்.

முதலில் அந்தக் குழி எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். தெற்கு லண்டன் தோர்ண்டன் ஹீத்திலிருந்து வடக்கே ஏறிக்கொண்டு போனால் ஒரு குன்று வரும். விக்டோரியா மகாராணி காலத்தில் பாதை போட வந்த ரயில் கம்பனிக்கு அது பெரிய இடைஞ்சல். மற்றக் கம்பனி முந்திவிடும் முன் நாங்கள் முந்த வேண்டும் என்று ஆளாளுக்குத் தலைதெறிக்க ஓடிய காலம். இரண்டு முனையிலும் மட்டும் சுரங்கம் குடைந்துகொண்டிருந்தால் வேலை இழுபடும் என்று, குன்றின் தலையிலிருந்து நேர்கீழாகக் குழிகளை இறக்கினார்கள். ஒவ்வொரு குழிக்குள்ளும் ஒரு கூட்டம் கூலியாட்கள் இறங்கி, அடியிலிருந்து இரண்டு பக்கமும் குடைந்தார்கள். மண் வாளியில் மேலே வந்தது. சில நாட்களில் ஆளும் அதே வாளியில்தான் வந்தான், உயிரில்லாமல்.

சுரங்கம் முடிந்ததும் சில குழிகளைப் புகை போகட்டும் என்று விட்டார்கள். வேண்டாதவற்றின் அடியில் மரக்குற்றிகளைக் குறுக்கே போட்டு, மேலே கல்லும் மண்ணும் கொட்டிவிட்டுப் போய்விட்டார்கள். புல் முளைத்தது. ரயில் ஓடியபடியால் சனம் வந்தது. சனம் வந்தபடியால் குன்று முழுக்க ஒட்டி ஒட்டி வீடுகள் வந்தன. எந்த வீட்டின் பின்வளவுக்குள் எந்தக் குழி கிடக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. அறுவார், அடையாளத்துக்கு ஒரு கல்லையாவது நட்டிருக்கலாம். நடவில்லை.

கனகலிங்கம் எண்பத்துநாலில் வந்தவர். பெற்றோல் ஸ்டேஷன், கார் பார்க், பிஸ்கற் பக்டரி என்று எல்லா இடத்திலும் இரவு பகலாக நின்றுவிட்டு, கடைசியில் ரயில்வேயில் வேலை எடுத்தார். சுரங்கத்தை விட்டு வெளியே வரும் ரயில் முதலில் நிற்கிற சின்ன ஸ்டேஷனில் ரிக்கற் பார்ப்பதும், மைக்கில் அறிவிப்புச் சொல்வதும் அவருடைய பொறுப்பு. அந்த மைக்கில் அவருக்குத் தனிப் பிரியம். வீட்டில் பாத்றூமுக்குள் நின்று சொல்லிப் பழகுவார். மனைவி சிவகௌரி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

குன்றின் மேல் ஒரு வீடு மலிவாக வந்தபோது வாங்கினார்கள். ஏன் மலிவு என்பது குடிபோன அன்றே தெரிந்தது. ரயில் அடியால் போகும் ஒவ்வொரு முறையும் சமையலறை அலுமாரிக்குள் கோப்பைகள் கிணுகிணுத்தன. வந்த ஆட்கள் திடுக்கிட்டுப் பார்த்தால் கனகலிங்கம் பெருமையாகச் சொல்லுவார்:

"பயப்பிடாதேங்கோ. எங்கடை குசினிக்குக் கீழைதான் ரயில் ஓடுது. சுரங்கத்துக்குள்ளை இடப்பக்கமா ஒரு வளைவு வரும், அதிலைதான் எங்கடை வீடு."

மாதம் இரண்டு போக அந்த நடுக்கம் அவர்களுக்கே தெரியாமல் போயிற்று. சிவகௌரி முன்னறையில் பக்டரித் தையல் மெஷினைப் போட்டு, பாவாடை தைத்துக் கொடுத்தாள். மெஷின் ஓடத் தொடங்கினால் தெருவில் இடி விழுந்தாலும் அவளுக்குக் கேட்காது.

பரமேஸ்வரன் தொண்ணூற்றொன்றின் குளிர்காலத்தில் வந்தான். வந்தான் என்று ஒரு சொல்லில் சொல்லிவிடலாம். வவுனியாவில் மறித்து, கொழும்பில் பிடித்து, மொஸ்கோவில் ஏஜென்ற் கைவிட்டு, எலும்பும் தோலுமாக அல்லவா வந்து சேர்ந்தான்! முப்பது வயசு. தாய் அனுப்ப மாட்டேன் என்று நின்றவள். கடைசி ஆண்பிள்ளை. கனகலிங்கம்தான் விடாமல் எழுதினார். அங்கே வைத்திருந்தால் ஒன்றில் ஆமிக்காரர் பிடிப்பார்கள், இல்லாவிட்டால் இயக்கக்காரர் பிடிப்பார்கள், என்னிடம் அனுப்புங்கோ மாமி, அவனுடைய உயிருக்கு நான் பொறுப்பு என்று எழுதினார். மாமி அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அனுப்பினாள். சிவகௌரியும் அதைத்தான் நம்பினாள். அகதி வழக்கு முடியவில்லை, வேலை செய்ய அனுமதி இல்லை. கட்டில் மட்டும் கொள்ளும் பெட்டியறையில் படுத்து, அத்தான் போட்ட சோற்றைத் தின்றுகொண்டிருந்த அவனால் அத்தானுக்கு இல்லை என்று சொல்ல ஏலாது. அக்காள் புருஷன் வீட்டில் ஒதுங்கியிருக்கிற ஆம்பிளைக்கு அந்த வாய் இருக்காது. அது எங்கள் ஆட்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அடுத்த கோடை மழையில்லாமல் காய்ந்தது. தோட்டத்துக்குக் குழாய் பிடிக்கக்கூடாது என்று தண்ணீர்க் கம்பனி தடை போட்டது. கனகலிங்கத்தின் பயற்றங்காயும் கீரையும் மிளகாய்க் கன்றும் தலை தொங்கின. அவருக்கு உயிரே போனது போல இருந்தது. வெள்ளைக்காரன் புல்லை வளர்க்கிற நிலத்தில் பயற்றங்காய் காய்க்க வைத்து, மிச்சம் என்கிற அடுத்த ஊர் வரைக்கும் கொண்டுபோய்ச் சொந்தக்காரருக்குக் கொடுத்துப் பேர் எடுத்தவர் அல்லவா. மழை வந்ததும் பாத்தியைப் பெருப்பிக்கலாம் என்று, எண்பத்தேழுப் புயலில் விழுந்த மரத்தின் பட்ட அடிக்கட்டையை மைத்துனனைக் கொண்டு கிளப்பினார். வேருக்கு அடியில் செங்கல் தெரிந்தது. சுரண்டச் சுரண்ட வளைந்துகொண்டு போயிற்று. வட்டமான கட்டு. உள்ளே ஈரமண்.

"கௌரி! ஓடி வாரும்! இங்கை கிணறு கிடக்கு!"

யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்குப் பின்வளவில் வட்டமாகக் கல் கட்டியிருந்தால் அது வேறென்னவாக இருக்கும்? ஆறில்லாத ஊர், கிணற்றைப் பார்த்துத்தான் காணி வாங்குவார்கள், கிணற்றைப் பார்த்துத்தான் பெண் கொடுப்பார்கள். தூர்ந்த கிணறென்றால் இறைத்துத் துப்புரவாக்குவது வளவுக்காரனின் கடமை. ஈரமண்ணைக் கையில் பிசைந்து பார்த்த மனிசனுக்கு முகமெல்லாம் பல். அன்றைக்குச் சாப்பிடக்கூட மறந்துபோனார்.

வார இறுதியில் ரங்கராஜன் வந்தார். திருச்சிக்காரர், கட்டடக் கம்பனியில் இஞ்சினியர், கோவிலில் பழக்கம். குழியைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தார்.

"சார், அடியில டனல் போகுதுன்னு நீங்கதானே சொன்னீங்க? இங்க கிணறு இருந்தா அந்தத் தண்ணி பூரா டனலுக்குள்ளதானே இறங்கும்? எனக்கென்னமோ சரியாப் படலை. கவுன்சில்ல ஒரு வார்த்தை கேட்டுட்டுத் தோண்டுங்களேன்."

"கவுன்சிலோ? அவங்கள் வந்தால் வேலி போட்டு மூடிப்போட்டுப் போவாங்கள். ஐசே, உங்களுக்கு ஆத்துத் தண்ணி. கிணத்தைப் பற்றி எங்களுக்குச் சொல்லித் தராதேயும்."

ரங்கராஜன் தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அவர் போன பிறகு, உவர் எங்கையோ படிச்சுப்போட்டு வந்து எனக்குக் கிணறு காட்டுறார் என்று கனகலிங்கம் இரவு முழுக்கப் புறுபுறுத்தார்.

பரமேஸ்வரன் தோண்டினான். ஏணியில் இறங்கி வாளியில் மண்ணை நிரப்பி, தானே சுமந்துகொண்டு ஏறி, வேலியோரம் கொட்டிவிட்டு மறுபடியும் இறங்கினான். உடைந்த செங்கல், கரிக்கட்டி, மாட்டு எலும்பா குதிரை எலும்பா என்று தெரியாத எலும்பு எல்லாம் வந்தன. தண்ணீர் வரவில்லை. ஏணி தலைமறைய இறங்கிய பிறகு ஒருநாள் சாப்பாட்டு மேசையில் மெல்லச் சொன்னான்.

"அத்தான், கீழை நிக்கேக்கை ரயில் சத்தம் நல்லாக் கேக்குது. ரயில் போகேக்கை காலுக்குக் கீழை மண் இறங்கிற மாதிரிக் கிடக்கு. குளிர் காத்தும் வருது."

"காத்து வருதெண்டால் ஊத்துக் கிட்டடியிலை. வீடு முழுக்கத்தான் ஆடுது, மண் ஆடாமல் கிடக்குமோ?"

சிவகௌரிக்குப் பொறுக்கவில்லை. "இஞ்சாருங்கோ, அவன் பயப்பிடுறான். உந்தக் கிணறும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். கடையிலை பயற்றங்காய் இல்லையே? மூடி விடுங்கோ."

"நீர் மெஷினைப் பாரும்."

"அம்மா உங்களை நம்பித்தான் இவனை விட்டவ."

"ஓ! நான் இப்ப இவனைக் கொல்லப் போறனோ? ரெண்டு முழம் தோண்ட ஏலாத ஆம்பிளை. சாப்பிட மட்டும் ஏலும்."

அந்தக் கடைசிச் சொல் மேசையில் விழுந்தது. பரமேஸ்வரன் தட்டில் மிச்சச் சோற்றை ஒதுக்கிவைத்தான். பிறகு கையைக் கழுவிவிட்டுப் பெட்டியறைக்குள் போனான். கனகலிங்கத்துக்கும் உள்ளே சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் வாயிலிருந்து விழுந்ததை எடுக்கிற வழக்கம் அவருக்கு இல்லை. விடிந்ததும் சரியாகிவிடும் என்று படுத்துவிட்டார்.

மறுநாள் அவருக்கு மத்தியான ஷிப்ட். சீருடை போட்டுக்கொண்டு வெளிக்கிட்டபோது பரமேஸ்வரன் பின்வளவில் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தான்.

"நான் வரேக்கை ஊத்துக் கண்டிருக்கோணும், என்ன?" என்றார். சமாதானமாகத்தான் சொன்னார், சிரிக்கவும் செய்தார்.

"ஓம் அத்தான்."

மூன்றுமணி வாக்கில் ஸ்டேஷனில் ரயில் வரவில்லை. அடுத்ததும் வரவில்லை. பிளாற்போமில் சனம் சேர்ந்தது. கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. சுரங்கத்துக்குள் கூரையிலிருந்து மண்ணும் செங்கலும் கொட்டுண்டு பாதை மறிபட்டிருக்கிறது, ட்ரைவர் கண்டு பிரேக் பிடித்துவிட்டான், ரயிலில் வந்த ஒருவருக்கும் காயமில்லை, எப்போது சரிவரும் என்று சொல்ல முடியாது என்றார்கள்.

கனகலிங்கம் மைக்கை எடுத்தார். சுரங்கத்தில் தடங்கல் ஏற்பட்டபடியால் ரயில்கள் ஓடமாட்டா, ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று, பழகிவைத்த தன்னுடைய நல்ல இங்கிலிஷில், நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நல்லாய் வந்தது. இரண்டாம் முறையும் சொன்னார். சனம் திட்டியது. கோட்டுப் போட்ட ஒருவன் ஜன்னல் கண்ணாடியில் தட்டி, எந்த இடத்தில் என்ன விழுந்தது, ஒழுங்காகச் சொல்லத் தெரியாதா என்று கத்தினான். அவனுக்குப் பதில் சொல்வதற்காகவே கனகலிங்கம் கொன்ட்ரோலுக்கு மறுபடி போன் எடுத்துக் கேட்டார்.

சுரங்கத்துக்குள்ளே, அந்த வளைவில் என்றார்கள்.

அவருக்கு உடனே விளங்கவில்லை. விளங்க மனம் இடம் கொடுக்கவில்லை என்பதுதான் சரி. கொன்ட்ரோலில் இருந்தவன் தன்பாட்டில் சொல்லிக்கொண்டு போனான்: மேலே ஓட்டை தெரிகிறதாம், வெளிச்சம் வருகிறதாம், வரைபடத்தில் இல்லாத பழைய குழி ஏதாவதாக இருக்கும். வெளிச்சம் என்ற சொல்லோடு கனகலிங்கத்துக்குத் தன்னுடைய பின்வளவு நினைவுக்கு வந்தது. போனை வைத்தார். வீட்டு நம்பரை அடித்தார். மெஷின் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லைப் போலும், அடித்துக்கொண்டே இருந்தது. கடவுளே, எடு. எடு கௌரி. கடைசியில் எடுத்தாள்.

"பரமு எங்கை?"

"எங்கை போவான்? நீங்கள் சொன்ன வேலையைத்தான் பின்னாலை செய்யிறான். மத்தியானம் சாப்பிடவும் வரேல்லை, ரோசம்."

"வீடு ஆடினதோ?"

"எந்த நாளும் ஆடுறதுதானே. கொஞ்சம் முந்தி நல்லா ஆடினது, ரயில் எண்டு நினைச்சன். என்னப்பா, ஏன் மூச்சு வாங்குது?"

"போய் அவனைப் பார். கிட்டப் போகாதை. கூப்பிட்டுப் பார்."

றிசீவரை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். பின்கதவு திறபட்ட சத்தம் அவருக்குக் கேட்டது. "பரமு" என்று சாதாரணமாக ஒருமுறை கூப்பிட்டாள். பிறகு கொஞ்சம் உரத்து. பிறகு அவள் கத்திய கத்தலை அவர் சாகும்வரைக்கும் மறக்கப் போவதில்லை. தம்பியின் பேர் மட்டுந்தான் அதில் இருந்தது. வெளியே கோட்டுக்காரன் இன்னும் கண்ணாடியில் தட்டிக்கொண்டிருந்தான்.

பொலிஸ் சொல்லுமுன் கனகலிங்கம் சீருடையோடு வீட்டுக்கு ஓடினார், மேடு முழுக்க ஓடினார். தோட்டத்தில் பயற்றம் பந்தலையும் காணவில்லை. பெரிய வாய் ஒன்றுதான் இருந்தது. அதற்கு அப்பால் அயல்வீட்டு வெள்ளைக்காரர்கள் சிவகௌரியை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவள் அவரைக் கண்டதும் அழுகையை நிறுத்திவிட்டாள்.

பரமேஸ்வரனை மேலால் எடுக்க ஏலவில்லை. வேலை ரயில் கொண்டுவந்து, சுரங்கத்துக்குள் குவிந்த மண்ணை ஒதுக்கி, அடுத்த நாள் மாலை கீழால்தான் எடுத்தார்கள். எடுத்து வந்து இறக்கியது கனகலிங்கத்தின் ஸ்டேஷனில். மற்ற ஸ்டேஷன் தூரம் என்றார்கள்.

சவ அடக்கம் முடிந்த கிழமை, ரயில்வேயிலிருந்து ஒரு இஞ்சினியர் வந்தார். நல்ல மரியாதையான மனிதர், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார். ரங்கராஜன் பக்கத்தில் இருந்து சிவகௌரிக்கு விளங்கச் சொன்னார்.

"அந்தக் காலத்துல டனல் வெட்டறப்ப இறக்கின குழியாம், அம்மா. கீழ மரக்கட்டை வெச்சு மூடியிருக்காங்க. அது உளுத்துப் போச்சு. மேல இருந்த மண்ணோட பாரம் சரியா இருந்தவரைக்கும் எப்படியோ நின்னுருக்கு. நடுவுல தோண்டினதும் இளகிடுச்சு. இவங்ககிட்ட இருக்கிற எந்த மேப்லயும் இது இல்லையாம். ரொம்ப வருத்தப்படறார்."

"அந்த நாளிலை இதைத் தோண்டேக்கையும் ஆக்கள் செத்தவையோ எண்டு கேளுங்கோ."

ரங்கராஜன் தயங்கித் தயங்கிக் கேட்டார். இஞ்சினியர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆமாங்கிறார். நிறையப் பேராம். யார் யாருன்னு எழுதி வைக்கலையாம்."

"அவையளுக்குத் தாய்மார் இருந்திருப்பினம்" என்றாள் சிவகௌரி.

அவளுடைய தாய் அப்போது கொழும்பில் இருந்தாள். கண்ணில் வெள்ளை படர்ந்து, ஒப்பரேஷன் செய்யவென்று கடற்படை சுடுகிற கிளாலிக் கடலைப் படகில் கடந்து, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, வெள்ளவத்தையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்தாள். அந்த வீட்டில் போன் இருந்தது. கண்கட்டு அவிழ்க்கும்வரைக்கும் சொல்ல வேண்டாம் என்று அங்கே இருந்தவர்கள் கேட்டுக்கொண்டார்கள். அவிழ்த்தாயிற்று என்று செய்தி வந்த அன்று சிவகௌரி போனைத் தூக்கிக் கொண்டுவந்து கனகலிங்கத்தின் முன்னால் வைத்தாள். செத்தவீட்டுக்குப் பிறகு அவள் அவரோடு பேசிய முதல் பேச்சு அதுதான்.

"நீங்கள்தான் அனுப்பச் சொல்லி எழுதினனீங்கள். நீங்களே சொல்லுங்கோ."

அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். அதில் இரக்கம் இல்லை. நம்பரைச் சுழற்றினார். அங்கே யாரோ எடுத்து, மாமியிடம் கொடுத்தார்கள்.

"ஆர், தம்பியோ? கண் நல்லாத் தெரியுது தம்பி, எல்லாம் தெளிவாத் தெரியுது. பரமுவின்ரை போட்டோ ஒண்டு எடுத்து அனுப்பிவிடுங்கோவன்."

கனகலிங்கம் சொன்னார். எப்படிச் சொன்னார் என்று அவருக்கே பிறகு நினைவில்லை. பரமு இல்லை மாமி என்றார், வளவுக்குள் வெட்டின கிடங்கு இடிந்து விழுந்தது என்றார். மாமி அழுவாள் என்று நினைத்தார். அழவில்லை. ஊரில் குண்டு போட விமானம் வரும்போது ஒளிக்க வளவுக்குள் வெட்டுகிற பதுங்கு குழியைத்தான் அவளுக்குத் தெரியும்.

"பங்கருக்குள்ளையோ தம்பி? அங்கையுமோ பொம்பர் வருது?"

"இல்லை மாமி. பங்கர் இல்லை."

"பேந்து ஏன் கிடங்கு வெட்டினவன்?"

"தண்ணிக்கு, மாமி. கிணறெண்டு நினைச்சு."

"ஐயோ, அங்கை குடிக்கத் தண்ணி இல்லையோ?"

சிவகௌரி எதிரே நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கு மாமி" என்றார் கனகலிங்கம். "பைப்பிலை வருது."

"பேந்தென்னத்துக்கு ராசா," என்று கேட்டாள் அந்தத் தாய், கோபமே இல்லாமல், உண்மையாகவே தெரியாமல், "பேந்தென்னத்துக்கு என்ரை பிள்ளையைக் கிடங்குக்குள்ளை இறக்கினனீங்கள்?"